துண்டுக்கு அடியில்

மாட்டுச் சந்தையில் இரண்டு தரகர்கள் சிவப்புத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து, சோணையம்மாளின் பசுவுக்கு விலை பேசுகிறார்கள். மேகமலைக்கு மேலே ஏறிய வெயிலில் துண்டு நெளிகிறது. விலை அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து டீக்கடை டிவியில் மத்திய பட்ஜெட். நாடாளுமன்றத்தில் பல துறைகளின் செலவுக் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் ஒரே குரலில் நிறைவேற்றுகிறார்கள். அவள் துண்டை வெடுக்கென்று உருவுகிறாள். “ஏலே, என் மாட்டு வெலைய சத்தமாச் சொல்லுங்கடா!” டீ ஆற்றும் விஜயபாண்டி டிவியைக் காட்டிச் சிரிக்கிறான். “டெல்லியிலயே இப்படித்தான் ஆத்தா. சட்டம் அதுக்கு எடங்குடுக்குது.” “அப்ப சட்டத்த மாத்தட்டும். நம்ம வரிப்பணம்டா அது! சபையில பேசி முடிக்காம ஒரு பைசா எடுக்கக் கூடாதுன்னு எழுதட்டும். அங்கன துண்ட உருவ ஒரு கை கூடவா இல்ல?” அவள் துண்டை உயரத் தூக்கிப் பிடிக்கிறாள். திரையில் எல்லாக் கைகளும் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.