தோஹுன் நடந்த தெருக்கள்

"பாட்டு நட்சத்திரம் ஆகுறதுக்கு முன்னாடி தோஹுன் சாய்ஞ்சு நின்னு மூச்சு வாங்கின சுவர் இதுதான்" என்றேன். ரசிகைகள் எல்லோரும் சுவரைத் தடவி அழுதார்கள். பாவம், சுவர்.

காலையில் அவர் கிம்பாப் தின்ற கடை. மதியம் அவர் வழுக்கி விழுந்த படிக்கட்டு. சியோல் வெயிலில் கால் ஓய்ந்தும் ஒருத்தியும் உட்காரவில்லை.

"அக்கா, ஹான் ஆத்துக்கு இந்தப் பக்கமே சுத்துறோமே, அந்தப் பக்கம் அவர் வீட்டுக்கு எப்போ போறோம்?" என்றாள் பித்னா. போன மாதம் நான் இந்த நடைச் சுற்றுலாவைத் தொடங்கும்வரை அந்த வீட்டு வாசலிலேயே பாய் போட்டுக் கிடந்தவள்.

"அங்க வெறும் கேட்டுதான்டி இருக்கு. இங்க அவர் வியர்வை சிந்தின படிக்கட்டு இருக்கு!"

"அதானே! அவருக்கு நாங்கதான் உலகம். காதல், கல்யாணம்னு எவளாவது வந்தா தொலைச்சுருவோம்."

"அவ்வளவு தைரியம் எவளுக்குடி இருக்கு?" என்றேன்.

கைபேசி அதிர்ந்தது. ஒதுங்கிப் போய் எடுத்தேன்.

"வாசல்ல ஒருத்தரும் இல்ல" என்று தோஹுன் கிசுகிசுத்தார். "நம்ம பாப்பாவைப் பூங்காவுக்குத் தூக்கிட்டுப் போகட்டுமா?"

"தாராளமா போங்க. இவங்களுக்கு இன்னும் நாலு படிக்கட்டு பாக்கி இருக்கு. வரும்போது டயப்பர் வாங்க மறந்துடாதீங்க."