காப்பர் வேண்டாம்

"இந்தத் தடவை காப்பர் வேண்டாம்ணே. ஃபைபரே போட்டுருங்க."

பைக்கின் பின்சீட்டிலிருந்து வயர் சுருளை இறக்கிக்கொண்டிருந்த லிங்கேஸ்வரனின் கை அப்படியே நின்றது. சொன்னது வீட்டுக்காரன் சோலைராஜ். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த செருப்பைக் காலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, இதே வீட்டுக்கு, எட்டு மாதத்தில் நான்காவது தடவையாக வயர் போட வந்திருக்கிறார் லிங்கேஸ்வரன். ரோட்டோர வீட்டில் மோடம். பின்னால் தென்னை மரங்களைத் தாண்டி ஒரு தனி அறை. சோலைராஜின் மனைவி இந்து அங்கே உட்கார்ந்துதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ரோட்டுப் பக்கம் பஸ் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. வைஃபை அந்த அறை வரைக்கும் எட்டாது. அதனால் மோடத்திலிருந்து அறைக்கு எண்பது மீட்டர் காப்பர் வயர் இழுத்துக் கொடுத்திருந்தார்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, வயரைக் காணோம். இரண்டு முனையிலும் வெட்டி, முழுசாக உருவிக்கொண்டு போயிருந்தார்கள். மறுபடி போட்டார். அதுவும் போனது. மூன்றாம் தடவை சுவரோரமாக பைப்புக்குள் விட்டுப் போட்டார். போன வாரம் பைப் மட்டும்தான் மிச்சம்.

அன்றைக்கு இந்து ஃபோனில் கேட்டாள். "அண்ணே, பைப்ப எங்க கழட்டுனா வயர் வெளிய வரும்னு போட்டவியளுக்குத்தான தெரியும்?"

லிங்கேஸ்வரனுக்கு அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. பதினேழு வருஷமாக இந்தத் தொழில் பார்க்கிறார். ஊருக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியையே அவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு, தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பினார். இவள் இன்னும் யார் யாரிடம் சொல்லியிருப்பாளோ என்று சாப்பிடும்போதெல்லாம் நினைப்பு வந்தது.

அதனால்தான் இன்றைக்குத் தன் கைக்காசில் காப்பர் வயர்ச் சுருள் வாங்கி வந்திருந்தார். கூலியும் வேண்டாம் என்று சொல்லிவிடும் முடிவு. இந்தச் சுருளை இவர்கள் வாங்கிக்கொண்டால் அந்தப் பேச்சும் முடிந்துபோகும்.

சோலைராஜோ அந்தச் சுருளைத் தொடவே விரும்பவில்லை.

லிங்கேஸ்வரன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நூறு மீட்டர் வரைக்கும் காப்பரே தாராளம். வீட்டுக்கு வருகிற நெட்டின் வேகத்துக்கு இரண்டிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஃபைபர் என்றால் இரண்டு பக்கமும் தனியாக ஒரு பெட்டி வைக்க வேண்டும், அதற்கு கரண்ட் கொடுக்க வேண்டும், எங்காவது மடங்கினால் உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும். செலவு இரட்டிப்பு. இடி மின்னலுக்கு ஃபைபர் நல்லது, அது வாஸ்தவம்தான். மற்றபடி இந்தத் தூரத்துக்கு அது வீண்.

"செலவானா ஆயிட்டுப் போவுது" என்றான் சோலைராஜ். "ஃபைபரே இருக்கட்டும்."

இந்து கதவோரம் வந்து நின்றாள். நெட் இல்லாமல் ஒரு வாரத்தில் இரண்டு பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விட்டதாகப் பொதுவாகச் சொன்னாள். லிங்கேஸ்வரனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

லிங்கேஸ்வரன் சோலைராஜ் பக்கம் திரும்பினார். "ஒண்ணு செய்வோம் தம்பி. ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. நானும் கூட வாரேன். மொதல்ல என்னையே விசாரிக்கட்டும்."

"போலீஸெல்லாம் வேண்டாம்ணே" என்றான் சோலைராஜ், அவசரமாக. "நடந்தது நடந்து போச்சு. விட்டுருங்க."

போலீஸுக்குப் போகாமல் மன்னித்துவிடுகிறார்கள். செய்யாத திருட்டுக்கு மன்னிப்பு. கத்திச் சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். லிங்கேஸ்வரனுக்குக் காது மடல் சுட்டது.

"நாந்தான் எடுத்தேன்னு நினைக்கியளா தாயி?" என்று இந்துவிடமே கேட்டுவிட்டார்.

அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

லிங்கேஸ்வரன் சுருளைத் தூக்கி மறுபடி பைக்கில் வைத்தார். கயிற்றை இறுக்கிக் கட்டினார். இனி இந்த ஊர்ப்பக்கமே வேலைக்கு வருவதில்லை என்று நினைத்துக்கொண்டார். ஃபைபர் போடுகிற ஆள் ஒருத்தர் நம்பரைத் தருகிறேன், அவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை நிமிர்த்தினார்.

சோலைராஜ் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"நீங்களே போட்டுக் குடுங்கண்ணே. உங்க மேல ஒரு சந்தேகமும் கெடையாது."

"பொறவு எதுக்குய்யா காப்பர் வேண்டாங்கிறிய?"

சோலைராஜ் திரும்பி, கதவோரம் நின்ற மனைவியைப் பார்த்தான்.

"பழைய இரும்புக் கடையில ஃபைபர எடுக்க மாட்டாவளாம், இந்து. விசாரிச்சுட்டேன். காப்பர்னா கிலோ கணக்குல எடுத்துக்கிடுதாவ... மூணு தடவையும் உருவிக் கொண்டுபோய் வித்துக் குடிச்சது நாந்தான்."