ஆறாத இஞ்சின்

பானட்டின் மேல் கையை வைத்த ஜெயராஜ் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இஞ்சின் சூடா இருக்கே அண்ணே!"

"சூடாவா? இருக்காதே" என்றார் விற்பனைக்கு நின்ற பிக்கப் வண்டியின் சொந்தக்காரர் வேலாயுதம். அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் போய் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு வந்து இறங்கியிருந்தார்.

"தொட்டுப் பாருங்க. நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு நேத்து போன்ல படிச்சுப் படிச்சு சொன்னேன். இதுக்காக இருட்டோட கிளம்பி காப்பாருக்கு வந்திருக்கோம்."

"நான் தொடவே இல்ல தம்பி. மாரியம்மா மேல சத்தியம்!"

"டீசல் இஞ்சினோட யோக்கியதை காலையில முதல் ஸ்டார்ட்டுலதான் தெரியும். திக்குதா, புகையுதான்னு பாக்கணும். சூடு பண்ணி வச்சிட்டா கிழட்டு இஞ்சின்கூட புது மாப்பிள்ளை மாதிரி நிக்கும்."

பின்னால் குழந்தையோடு நின்ற அவன் மனைவி புனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். வெளியாட்கள் முன்னால் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

ஜெயராஜ் கோயில் திருவிழாக்களுக்கு விளக்கு போடுகிறவன். ரதத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ட்ரெய்லரை இழுத்துப் போக அவனுக்கு ஒரு பிக்கப் வேண்டும். போன வருஷம் வாடகைக்கு எடுத்த பிக்கப் பிரிக்பீல்ட்ஸ் நடுரோட்டில் படுத்துவிட்டது. ரதம் பாட்டுக்கு முன்னால் போக, ஒயர் பிடுங்கிக்கொண்டு அம்மன் இருட்டில் நின்றாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கோயில் தலைவர் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ரதம்.

"மீன்பிடிப் படகையே இழுத்த வண்டி தம்பி. ஜெனரேட்டர இழுக்காதா?"

"படகு இழுத்துச்சா? அப்ப கிளட்ச், கியர் எல்லாம் தேஞ்சிருக்கும்."

"இழுக்காத வண்டின்னா இழுக்குமாங்கிறீங்க. இழுத்த வண்டின்னா தேஞ்சிடுச்சுங்கிறீங்க. நான் எந்த வண்டியத்தான் விக்கிறது?"

வீட்டு வாசலில் வேலாயுதத்தின் மனைவி லோகேஸ்வரி வந்து நின்றாள். "பிள்ளைக்குப் பால் கலக்கணுமா? உள்ள வாம்மா" என்று புனிதாவை அழைத்துக்கொண்டு தாங்கித் தாங்கி நடந்து போனாள்.

ஜெயராஜ் யூடியூபில் படித்த வித்தையெல்லாம் காட்டினான். இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி அந்த வாயின் மேலேயே கவிழ்த்து வைத்தான். தேய்ந்த இஞ்சினாக இருந்தால் மூடி துள்ளும். துள்ளவில்லை. புகைக்குழாயில் கைக்குட்டையைப் பிடித்தான். கைக்குட்டைதான் ஏற்கெனவே அழுக்காக இருந்தது, புகை இல்லை. கடைசியில் ஒரு படகு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டில் ஒரு சுற்று போய்வந்தான். வண்டி முனகக்கூட இல்லை.

"நாலஞ்சு பேரு வந்தாங்க தம்பி" என்றார் வேலாயுதம். "எல்லாரும் பானட்டத் தொட்டாங்க, போயிட்டாங்க. திருஷ்டியா இருக்குமோன்னு எலுமிச்சம்பழம்கூட சுத்திப் போட்டுட்டேன்."

ஜெயராஜ் சிரித்துவிட்டான். "அந்தச் சூடுதான் இடிக்குது. சரி லா அண்ணே, நான் எடுத்து…"

"வேணாங்க."

இருவரும் திரும்பினார்கள். புனிதா!

"வேணாங்க. சூடு பண்ணி வச்ச வண்டிய நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" தலை நிமிராமலே சொன்னாள்.

வாயே திறக்காதவள் திறந்துவிட்டாள். அப்புறம் என்ன பேச? ஜெயராஜ் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். வேலாயுதத்தின் முகம் சுருங்கிப் போனது.

காரில் திரும்பும் வழியில் தூறல் பிடித்துக்கொண்டது.

"பலே புனிதா! நானே ஏமாறப் பாத்தேன். அந்த ஆளு என்னமா நடிக்கிறான்! சத்தியம் வேற." சிவப்பு விளக்கில் காடி நின்றதும் ஜெயராஜ் போனை எடுத்தான். "இரு, வண்டி நம்பரோட ஃபேஸ்புக்ல போடறேன். நம்ம ஆளுங்க யாரும் போய் மாட்டக் கூடாது."

புனிதா போனைப் பிடுங்கினாள்.

"போடாதீங்க! சூடு பண்ணது அவரு இல்ல. அந்த அக்கா."

"அவரு சம்சாரமா?"

"ஆமாங்க. வண்டி பாக்க ஆள் வர்றாங்கன்னா, அண்ணன் வெளிய போற நேரம் பாத்து ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டு அணைச்சிடுவாங்களாம். வர்றவங்க சந்தேகப்பட்டுப் போயிடணும்னு. 'எல்லாரும் தொட்டதும் ஓடிட்டாங்க, உன் வீட்டுக்காரரு மட்டும் போக மாட்டேங்கிறாரே'ன்னு பால் கலக்கும்போதே அழுதாங்க."

"அப்ப அது நல்ல இஞ்சினா? ஐயோ, நல்ல வண்டியவா விட்டுட்டு வந்தேன்! சொந்த வண்டிக்கே குழி பறிக்குது, என்ன பொம்பள அது?"

"அக்காவுக்கு மூட்டு தேஞ்சு போச்சுங்க. பெரிய ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்கு அடுத்த வருஷம்தான் நாள் கொடுத்திருக்காங்க. அதுவரைக்கும் ஏன் கஷ்டப்படணும், பிரைவேட்ல செஞ்சிடலாம்னு அண்ணன் வண்டிய விக்கிறாரு. வேணாம்னா கேக்கலையாம். 'வலி எனக்குப் பழகிடுச்சும்மா. வண்டி இல்லாம இருந்து அவருக்குப் பழக்கமில்ல'ன்னாங்க."

பச்சை விளக்கு விழுந்தது. ஜெயராஜ் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு ஓரமாக நிறுத்தி, போனை வாங்கி நம்பரை அழுத்தினான்.

"ஐயோ, அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அக்காவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்!"

அவன் கையைக் காட்டி அவளை அமர்த்தினான்.

"வேலாயுதம் அண்ணே, ஜெயராஜ் பேசறேன். வண்டிய விக்காதீங்க. வெள்ளிக்கிழமை ரதத்துக்கு ஜெனரேட்டர் இழுக்கணும். வண்டியோட நீங்களே வாங்க. வாடகை கொடுத்திடறேன். இந்த சீசன் முழுக்க எனக்கு வேலை இருக்கு."

மறுமுனையில் வேலாயுதத்தின் குரல் மலர்ந்தது.

"சந்தோஷம் தம்பி. ஆனா மறைக்காம சொல்லிடறேன். அந்த இஞ்சின் எப்படி சூடாச்சுன்னு எனக்கே இன்னும் புரியல."

ஜெயராஜ் புனிதாவைப் பார்த்தான். கண்ணாடியில் தூறலை வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது.

"வெயில்ல நின்னிருக்கும் லா அண்ணே" என்றான்.