மூன்றாவது வாரம்

“மூணாவது வாரம்தான் ஆபத்து, வசந்தா,” என்றார் சேதுமாதவன். “அதுவரைக்கும் இன்பமணி சிரிச்சுக்கிட்டேதான் இருப்பா.”

கணவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது வசந்தகுமாரியின் நம்பிக்கை. அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நடந்தால் எந்த வேட்பாளர் எப்போது என்ன பேசுவார், எங்கே சறுக்குவார் என்று முன்கூட்டியே சொல்லி, வளைகுடா நாட்டு ஊரான இந்தச் சலாலாவில் பேர் வாங்கியவர். இப்போது தமிழ்ச் சங்கத் தலைவர் தேர்தலில் அவர் மனைவியே நிற்கிறாள். எதிர்த்து நிற்பவள் இன்பமணி, தனியார் ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சியில் நர்ஸ்.

“முதல் வாரம் வீடு வீடாப் போவா. ரெண்டாவது வாரம் சர்ச் ஆளுங்களைத் திரட்டுவா. அப்பவும் தேறலைன்னா...” சேதுமாதவன் குரலைத் தாழ்த்தி, மகள் தன்யாவின் அறைப் பக்கம் பார்த்தார். “நம்ம வீட்டு விஷயத்தைக் கையில எடுப்பா.”

வசந்தகுமாரியும் அந்தக் கதவைப் பார்த்தாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று தன்யாவை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் மாத்திரைகளை விழுங்கியிருந்தாள். வெளியே ஃபுட் பாய்சன் என்று சொல்லி மூடிவிட்டார்கள். ஆனால் அன்று டூட்டியில் இருந்தவள் இன்பமணி.

“சொல்லிடுவாளாங்க?”

“ஓட்டுன்னு வந்துட்டா யாரா இருந்தாலும் சொல்லுவாங்க. நாம முந்திக்கணும். அவ வாயைத் திறந்தாலும் ஜனங்க நம்பக் கூடாது.”

அறைக் கதவு திறந்தது. தன்யா நின்றாள்.

“அந்த ஆன்ட்டி அப்படிச் செய்ய மாட்டாங்கப்பா. அன்னைக்கு என் கையை விடாமப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க.”

“உனக்கு எலெக்‌ஷனைப் பத்தி என்ன தெரியும்? போய்ப் படி.”

முதல் வாரம் வசந்தகுமாரி வீடு வீடாகப் போனாள். இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவைத் திரட்டினாள். மூன்றாவது வாரம் பிறந்தவுடன், நெருங்கிய தோழிகள் இருவரின் காதில் மட்டும் போட்டுவைத்தாள்.

“பேர் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனா நர்ஸா இருக்கிறவங்க பேஷன்ட்டோட விஷயத்தை வெளியே பேசலாமா, சொல்லுங்க.”

சங்கத்தில் நர்ஸுகள் பலர் இருந்தாலும் தேர்தலில் நிற்பது ஒருத்திதானே. அன்று சாயங்காலத்துக்குள் அது எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வார முடிவில் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்பமணி போட்டியிலிருந்து விலகிக்கொண்டாள்.

“நான் அப்பவே நினைச்சேன்,” என்றார் சேதுமாதவன். “குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.”

போட்டியில்லாமல் வசந்தகுமாரி தலைவரானாள். வெள்ளிக்கிழமை முழுக்க வாழ்த்துச் சொல்ல ஆட்கள் வந்துபோனார்கள். கடைசியாக, சாரலில் நனைந்த துப்பட்டாவோடு வந்தவள் ஜோஸ்மி. இன்பமணியோடு ஒரே ஃப்ளாட்டில் தங்கியிருக்கும் நர்ஸ்.

தன்யா லட்டுத் தட்டோடு வந்தாள். ஜோஸ்மி எடுத்துக்கொள்ளவில்லை.

“ஒரு உதவி கேட்டு வந்தேன் அக்கா. இன்பமணி அக்காவ எமர்ஜென்சியில இருந்து எடுத்துட்டாவ. கான்ட்ராக்ட்டும் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லுதாவ. இப்ப நீங்கதான் தலைவர். நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாவ.”

வசந்தகுமாரி கணவரைப் பார்த்தாள்.

“விசாரிக்காமயா செஞ்சிருப்பாங்க?” என்றார் சேதுமாதவன்.

“விசாரிச்சாவ சார். ‘யாரு உன் மேல இப்படிப் பழி போடுவா, என்ன காரணம், அதைச் சொல்லு போதும்’னு கேட்டாவ. அக்காவுக்கு ஆளும் தெரியும், காரணமும் தெரியும். வாயே திறக்கல.”

“ஏன்?” என்றாள் வசந்தகுமாரி.

“காரணத்தைச் சொன்னா ஒரு பொண்ணோட பேரைச் சொல்லணுமாம். பேரைச் சொன்னா பழைய ஃபைல எடுப்பாவ, நாலு பேரு படிப்பாவ. ‘அந்தப் பிள்ளை முகத்துல இப்பதான் சிரிப்பு வந்திருக்கு, என் வேலை போனாப் போவுது’ன்னுட்டாவ. கூடவே இருக்கேன், என்கிட்டகூட அது யாருன்னு சொல்லல அக்கா.”

சேதுமாதவன் குனிந்து, அணைந்துகிடந்த போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்பமணி வீடு வீடாகப் போகவில்லை, சர்ச்சில் யாரையும் திரட்டவில்லை என்பது வசந்தகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கணித்துச் சொன்ன மூன்று வாரங்களும் நடந்தது தன் வீட்டிலிருந்துதான்.

முகம் எரிந்தது. நிமிர்ந்து ஜோஸ்மியைப் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது.

“கமிட்டியில... கமிட்டியில கலந்து பேசிட்டுச் சொல்றேம்மா,” என்றாள்.

ஜோஸ்மி தலையாட்டிவிட்டு எழுந்தாள். அவளுக்கு அது பழகிய பதில்தான் போலிருந்தது.

தன்யா லட்டுத் தட்டை அம்மாவின் முன்னால் வைத்தாள்.

“நீ உள்ளே போ தன்யா,” என்றாள் வசந்தகுமாரி அவசரமாக.

தன்யா வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“நில்லுங்க அக்கா. ஆஸ்பத்திரிக்கு நான் வரேன். அந்தப் பொண்ணு நான்தான்.”