உடையாத பின்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே நோராவுக்கு மனசு உறுத்த ஆரம்பித்துவிட்டது. திருட வந்த இடத்தில் தினமும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டால் உறுத்தாமல் என்ன செய்யும்?

"கூச்சப்படாதேம்மா. எங்க வீட்டுல உனக்கும் சேர்த்துத்தான் கட்டிக் குடுத்தாங்க" என்று டிபன் கேரியரின் மேலடுக்கை அவள் பக்கம் தள்ளினார் உத்தமன்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் நான்கு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை அது. மால்களில் பௌலிங் விளையாடும் இடத்தில், பந்தை உருட்டிச் சாய்ப்பார்களே, பாட்டில் மாதிரி நிற்கும் மரப் பின்கள், அவற்றைப் பழுது பார்ப்பதுதான் உத்தமனின் தொழில். கழுத்தில் வெடித்தது, அடியில் பிளந்தது என்று மூட்டை மூட்டையாக வரும். பசை ஊற்றி, தேய்த்து, மேலே புதிதாக பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து அனுப்புவார். இரண்டே மாதத்தில் அதே பின் மறுபடி விரிசலோடு வந்து சேரும்.

அப்பேர்ப்பட்டவர் உடையவே உடையாத பின் ஒன்றைச் செய்துவிட்டார் என்று தொழிற்பேட்டை முழுக்கப் பேச்சு.

அடுத்த தெருவில் இதே தொழிலைப் பெரிதாக நடத்தும் சிவசங்கரனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காக்ஸ் டவுன் நோராவை இங்கே அனுப்பியது அவர்தான்.

"பூச்சுல என்ன கலக்கறான்னு மட்டும் கொண்டா. அடுத்த நாளே எங்க லேப்புக்கு நீதான் இன்சார்ஜ்."

தொழிற்பேட்டைப் பேச்சு பொய்யில்லை. சுத்தியல் பொருத்திய சோதனை மெஷினில் புதுப் பின்னை நிறுத்தி ஸ்விட்சைப் போட்டார் உத்தமன். சாதாரணப் பின் ஆயிரம் அடிக்குள் வாயைப் பிளந்துவிடும். இது ஐயாயிரம் அடி வாங்கியும் கீறல் கூட இல்லாமல் நின்றது.

"எப்படி சார்?"

"அது ரகசியம்மா" என்று சிரித்தவர், அந்த ரகசியத்தை எழுதிய நோட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

நோரா செல்போனை எடுத்தாள். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இப்படியே நாட்கள் போயின. "ஆய்த்தா? முடிஞ்சுதா, இல்லையா?" என்று தினமும் மாலையில் சிவசங்கரன் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் திட்டுவார். கடைசியில் மூன்றாவது மாதம் ஒரு மத்தியானம் அவள் கண்ணை மூடிக்கொண்டு நோட்டைப் படம் எடுத்தே விட்டாள். பிளாஸ்டிக்கோடு கண்ணாடி இழைத் தூள், இன்ன அளவு, இத்தனை டிகிரி சூடு. அவ்வளவுதான் விஷயம்.

மறுமாதமே சிவசங்கரனின் உடையாத பின்கள் மூன்று வருட கேரண்டியோடு சந்தைக்கு வந்தன. வைட்ஃபீல்டிலிருந்து ஹெப்பால் வரை ஒரு மால் பாக்கியில்லை. உத்தமன் பட்டறைக்கு மூட்டை வருவது அடியோடு நின்றது. நோரா காய்ச்சல் என்று சொல்லி நின்றுகொண்டாள்.

சொன்னபடியே லேப் கிடைத்தது. ஏசி அறை, சுழல் நாற்காலி எல்லாம் கிடைத்தது. ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் உத்தமனின் டிபன் கேரியர்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மனுஷனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே!

இரண்டு மாதம் தாங்கினாள். பிறகு, போலீசில் பிடித்துக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று கிளம்பிவிட்டாள்.

பட்டறை வாசலில் டெம்போ நின்றது. முகம் தெரியாத ஆட்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டறையைக் காலி செய்கிறார்! நோராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், உங்க நோட்டைப் படம் எடுத்து சிவசங்கரன் சார்கிட்ட குடுத்தது நான்தான்!"

"தெரியும்மா. அழாதே, உக்காரு."

"தெரியுமா?"

"இன்டர்வியூக்கு அவரு கார்லதானே வந்து தெருமுனையில எறங்கினே?" உத்தமன் அலுத்துக்கொண்டார். "ஆனாலும் அநியாயம்மா. ஒரு நோட்டை எத்தனை தடவைதான் மேஜை மேல மறந்து வெக்கிறது? இந்தப் பொண்ணு நல்லவளா இருந்து தொலைச்சிடுவாளோன்னு எனக்கு பயமே வந்துடுச்சு."

நோராவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பக்கத்திலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பௌலிங் பந்துகள். ஒவ்வொன்றும் எலி கடித்த மாதிரி சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

"கண்ணாடித் தூள் கலந்தா பின் பாறையாட்டம் நிக்கும், நிஜம்தான். அதுல போய் மோதுற பந்து என்னாகும்? மால்காரங்க பாவம், பந்து பழசாயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. எட்டு பேரைப் புதுசா வேலைக்குப் போட்டும் ஆள் பத்தலை, நீயும் வந்துடேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் உத்தமனின் போன் அடித்தது.

"ஆமா சார், பந்து ரிப்பேர் ஊர்லயே நாங்க ஒருத்தர்தான்... வாரத்துக்கு முப்பதா? தாராளமா அனுப்புங்க... அய்யய்யோ, பின்னை மட்டும் மாத்திடாதீங்க சார், சிவசங்கரன் சார் சரக்கு ரொம்ப நல்ல சரக்கு!"