உடன் பாடியவர்

நான்காவது பாட்டின் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அவள் பெயர்.

உறையைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஒன்று.

முந்நூறு சிடி. முந்நூறிலும் அப்படித்தான்.

எட்டுப் பாட்டு. இரண்டு வருட வேலை. எழுதியது, மெட்டமைத்தது, படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்தது, எல்லாம் கோதைதான். வெளியிட நிறுவனம் கிடைக்காததால் நிறுவனமும் அவளே. சிடி அடித்துத் தரும் தொழிற்சாலையின் படிவத்தில் ‘கம்பெனி பெயர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். தவறு என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் அதையே எழுதி அனுப்பினாள்.

முதல் மாதிரியில் பாட்டுகளின் வரிசை மாறியிருந்தது.

இரண்டாவதில் ஏழாம் பாட்டு பாதியில் நின்றது.

மூன்றாவதை மூன்று முறை கேட்டுவிட்டுச் சம்மதம் எழுதிக் கொடுத்தாள். உறையைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. அவள் பார்த்து ஒப்புக்கொண்ட உறையில் அவள் பெயரும் உடன் பாடியவர் பெயரும் இருந்தன.

தொழிற்சாலைக்குப் போன் செய்தாள்.

மேலாளர் பொறுமையாகப் பேசினார். எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவார். அதுதான் அவளுக்கு ஆகாது.

“அந்த வரி மடிப்புல விழுந்துச்சு மேடம். அதான் எடுத்துட்டோம். கோரஸ் பாடினவங்கதானே?”

கோரஸ் இல்லை, பாதிப் பாட்டு அவர் பாடியது என்றாள்.

“அதெல்லாம் யார் மேடம் படிக்கப்போறாங்க?”

புது உறை அடித்துத் தர மூன்று வாரம் ஆகும் என்றார். அன்று வியாழக்கிழமை. வெளியீடு சனிக்கிழமை.

போனை வைத்தாள். மறுபடியும் எடுத்தாள். கத்துவதைத் தவிர அதில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வைத்தாள்.

பிலோமினா அருள்தாஸ் இருபத்தெட்டு வருடமாக சினிமாவில் கோரஸ் பாடுகிறவர். கதாநாயகி படியிறங்கி வரும்போது பின்னால் ஒலிக்கும் ஆறு குரல்களில் ஒன்று. எங்கேயும் பெயர் வந்ததில்லை. கோதை போய்க் கேட்டபோது, “நான் தனியாவா?” என்று இரண்டு முறை கேட்டார். சனிக்கிழமைக்கு மகள், மருமகன், சர்ச் பாடகர் குழு என்று இருபது பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

ஸ்டிக்கர் அச்சடிப்பவர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

கையால் எழுதிப் பார்த்தாள். மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது.

சாயங்காலம் பாரிமுனையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடையில் நின்றாள். கடைக்காரர் அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்தார்.

*உடன் பாடியவர்: பிலோமினா அருள்தாஸ்.*

“பதவி எதுவும் போட வேண்டாமா?”

“முதல்ல இருக்கே, அதாங்க.”

அவர் மறுபடி ஒருமுறை படித்தார். காலையில் வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பகலெல்லாம் கூடத்தில் தரையோடு கிடந்தாள். உறைகள் பறக்கும் என்பதால் மின்விசிறி கிடையாது. ஸ்டாம்ப் ஒருமுறை சாய்ந்தது, ஒருமுறை மை அப்பியது. பளபளப்பான அட்டைதான் நன்றாயிருக்கும் என்று மேலாளர் எவ்வளவோ சொல்லியும் சொரசொரப்பான அட்டைதான் வேண்டும் என்று நின்றிருந்தாள். அவரிடம் அவள் ஜெயித்தது அது ஒன்றில்தான். மை நன்றாகவே பிடித்தது.

நூற்றுப் பத்தாவது உறையில் அழைப்பு மணி அடித்தது.

பிலோமினா. நாளைக்கு என்ன நிறத்தில் புடவை கட்டுவது என்று கேட்க வந்திருந்தார்.

மறைக்க வழியில்லை. கூடம் முழுக்க உறைகள்.

கோதை சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. மேலாளர் மீது, மடிப்பின் மீது, அந்தப் பொறுமையான குரல் மீது.

“பாத்துப் பாத்துப் பண்ணினேன்க்கா.”

பிலோமினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஸ்டாம்ப் அடித்த ஒன்றையும் அடிக்காத ஒன்றையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

கோதை உறைகளை வரிசையாக வைத்தாள். அவர் அடித்தார். மையில் ஒற்றி, சரியான இடத்தில் வைத்து, ஒரு தாளம் பொறுத்து, எடுப்பார். ஒன்றுகூடச் சாயவில்லை.

கோதை அடித்ததில் இருபது போல மை அப்பிப்போயிருந்தது. அவற்றைத் தனியாக ஒதுக்கினாள்.

“அதையும் சேர்த்துக்க. படிக்க முடியுதே.”

நாலு மணிக்கு முடிந்தது. கோதை உறைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு மின்விசிறியைப் போட்டாள். வியர்வை காய உட்கார்ந்திருந்தார்கள்.

பிலோமினா பழைய செய்தித்தாளைக் கிழித்து ஸ்டாம்ப்பைத் துடைத்தார். எழுத்துகளின் இடுக்குவரை துடைத்தார். துடைத்த பிறகும் கீழே வைக்கவில்லை.

“இது இனிமே உனக்கு வேணுமா?”

“வேண்டாம்க்கா. எதுக்கு?”

“நான் பாடின கேசட் வீட்டுல நிறைய கிடக்கு.”

கோதையின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

கோதை மை ஒற்றும் பெட்டியை மூடி அவர் பைக்குள் வைத்தாள்.

அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கோதை என்னவோ நினைத்து உள்ளே ஓடினாள். மிச்ச மை இருந்த புட்டியோடு திரும்பி வந்தாள்.