ஏழு சட்டைகள்

"போதும்ணா சட்டை மாத்துனது. தண்ணிக்குள்ள எப்ப எறங்குறது?"

நாலாவது குளத்தின் கரையில் நின்று தம்பி பல்லைக் கடித்தான். லேத் பட்டறை முதலாளியிடம் மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு நாள் லீவு. காட்டுக்குள் ஏழு தட்டாக விழும் அருவி, தட்டுக்கு ஒரு குளம், ஆசை தீர நீந்தலாம் என்று அண்ணன்தான் ஆசை காட்டி அழைத்து வந்தார். வந்தவர் தண்ணீரில் கால் விரலைக்கூட நனைக்கவில்லை.

குளத்துக்கு ஒரு சட்டை. பாறைக்குப் பின்னால் போய் மாற்றுவார், தலையை வேறு மாதிரி வாரிக்கொண்டு வந்து சிரிப்பார். அவருடைய செல்போனில் தம்பி படம் எடுக்க வேண்டும். எடுத்ததை உடனே வாங்கிப் பார்த்து நொட்டை சொல்வார். கீழ்க் குளம் தெரிகிறது, போன படத்தில் இருந்த ஆட்களே இதிலும் நிற்கிறார்கள் என்று மறுபடி எடுக்கச் சொல்வார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு நாற்பது வயதுக்கு மேல் எதற்கு இந்த மாப்பிள்ளை வேஷம் என்று தம்பிக்குத் தலை வெடித்தது.

ஐந்தாவது குளத்தில் ஊர்ச் சனமெல்லாம் தண்ணீரில் கிடந்து கூத்தடித்தது. பொறுக்க முடியாமல் தம்பி சட்டையைக் கழற்றியே விட்டான். வெளிச்சம் போய்விடும், ஏழையும் முடித்துவிட்டு வந்து குதி என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். துணிப் பையைச் சுமந்துகொண்டு அவன் முணுமுணுத்தபடியே ஏறினான்.

ஏழாவது படம் எடுத்து முடிக்கவும் காவலாளி விசில் ஊதவும் சரியாக இருந்தது. நாலு மணிக்கு மேல் யாரும் குளத்தில் இறங்கக் கூடாதாம்.

தம்பி பையைத் தரையில் வீசினான். அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

"என் ஒரு நாளைப் பாழாக்கிட்டீங்களே. யாருக்குண்ணா இத்தனை போட்டோ? உங்களுக்கு என்ன பொண்ணா பாக்குறாங்க?"

அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்தார். தன் செல்போனைத் தம்பியின் கையில் வைத்து மூடினார்.

"ஊர்ல இருக்கிற அம்மாவுக்குடா. நாளைக்கு எனக்குத் தொண்டையில ஆபரேஷன், ஒரு வாரத்துக்குப் பேச்சு வராதாம். தினம் காலையில ஒண்ணு அனுப்பிடு. அருவி அருவியா சுத்திக்கிட்டு இருக்கேன், தண்ணி சத்தத்துல போன் பேச முடியலைன்னு சொல்லு."